மீன்காரம்மா சரி... மீன் பிடிக்கும் அம்மாவுக்கு என்ன பெயர்?

இடுப்பளவு தண்ணீர். அடியில் கால் புதையும் சேறு. எண்ணூர், பழவேற்காடு பக்கம் கழிமுகத்தில் இருளர் பெண்கள் குனிந்தபடி மெல்ல நகர்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், ஓலையில் முடைந்த ‘பறி’யைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். விரலில் தட்டுப்படும் இறால் நேராகப் பறிக்குள் போகிறது. மணிக்கணக்கில் இந்த வேலைதான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது.

இவர்களை என்னவென்று சொல்வது?

‘மீன்காரம்மா’ என்றால் கூடையோடு தெருவுக்கு வந்து விற்பவர். ‘மீனவப் பெண்’ என்றால் மீனவர் வீட்டு மனைவி, மகள். ‘மீனவர்’ இலக்கணப்படி இருபாலுக்கும் பொதுச்சொல்தான். ஆனால், ‘மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை’ என்று செய்தியில் கேட்டதும் மனதில் வருவது கைலி கட்டிய ஆண்கள்தானே? ஆசிரியருக்கு ஆசிரியை உண்டு, நடிகருக்கு நடிகை உண்டு. மீனவருக்கு அப்படி ஒரு சொல் நிலைக்கவே இல்லை.

சங்கப் பாடல்களிலும் கதை இதுதான். நெய்தல் நிலத்தில் பரதவர் மகள் மீனைக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறாள். ஐங்குறுநூற்றில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லும் பயறும் வாங்குகிறாள். கடலுக்குப் போவது அப்பாவும் அண்ணன்மாரும்!

அமெரிக்காவில் லிண்டா கிரீன்லா என்ற பெண், வாள்மீன் பிடிக்கும் படகின் கேப்டனாக இருந்தவர். தன்னை ‘ஃபிஷர்மேன்’ என்றே சொல்லிக்கொள்வார். ‘ஃபிஷர்வுமன்’ என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. ஆண்களுக்கான சொல்லையே எடுத்துக்கொண்டார். தமிழில் அதற்கு வழியில்லை. ‘நான் மீனவன்’ என்று எந்தப் பெண் சொல்ல முடியும்?

பாம்பன் பக்கம் போனால் இன்னொரு கூட்டம். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்கள். ஜெல்லிக்குச் சேர்க்கும் அகர் அந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது. சேலையை வேட்டிபோலக் கட்டி, மேலே சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது எனத் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, 2015-ல் அமெரிக்கா போய் ‘சீகாலஜி’ விருது வாங்கி வந்தார். இருந்தும் ஊரில் இவர்களுக்குப் பெயர், ‘பாசி எடுக்கிறவங்க’.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. மீன்வளக் கணக்கெடுப்பில் பெண்கள் பெரும்பாலும் மீன் விற்பது, கருவாடு போடுவது, இறால் உரிப்பது என்ற சார்புத் தொழில் பக்கம்தான் சேர்க்கப்படுகிறார்கள். கணக்கில் எந்தப் பக்கம் இருக்கிறோமோ, அதை வைத்துத்தான் அட்டை, நிவாரணம் எல்லாம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. சேதம் கேட்டு வருகிறவர்களிடம் படகைக் காட்டலாம், எண்ணெய் ஊறிய வலையைக் காட்டலாம். கையால் இறால் பிடிக்கிறவரிடம் காட்ட இருப்பது அந்தப் பறி ஒன்றுதான்.