வலிக்காத கழுத்துக் கட்டி: தைராய்டு புற்றுநோயின் அறிகுறிகளை அறிவோம்

கொல்லிமலையிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் விடியற்காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். செம்மேட்டிலிருந்து காரவள்ளி அடிவாரத்தை அடைய 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். எனவே, தாங்க முடியாத வலியோ விடாத காய்ச்சலோ இருந்தாலொழிய மலையை விட்டு இறங்குவதில்லை என்று பலர் இருப்பதில் வியப்பில்லை. ஆனால், ‘வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் கணக்கு சில நோய்களுக்குப் பொருந்தாது. தைராய்டு புற்றுநோய் அவற்றுள் ஒன்று.

வேறு ஏதோ உடல்நலக் குறைக்காக வந்தவரின் கழுத்தில் ஒரு கட்டியைக் கண்டு, “இது எவ்வளவு நாளாக இருக்கிறது?” என்று கேட்கிறோம். “அது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இருக்குதுங்க. வலியே இல்லீங்க” என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை. இந்த விடையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஆறுதல்

தைராய்டு, முன்கழுத்தின் கீழ்ப்பகுதியில், மூச்சுக்குழாயின் முன்புறம், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு, உடலின் இயக்கத்தைச் சீராக வைக்கும் இயக்குநீர்களை அது சுரக்கிறது. இச்சுரப்பியில் கட்டி தோன்றுவது மிகவும் பரவலான ஒன்று. பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவர் பரிசோதிக்கும் தைராய்டு கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 வரையே புற்றுநோயாக இருக்கும். எஞ்சியவை நீர்க்கட்டிகளோ சாதாரணக் கழலைகளோதாம். ஆகவே, கழுத்தில் கட்டி என்றதும் கலங்கத் தேவையில்லை. கலங்காமல் இருப்பது வேறு, காட்டாமல் இருப்பது வேறு.

வலியைத் தேடாதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள்

தைராய்டு புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பசி குறையாது; உடல் இளைக்காது; வேலைக்கும் தடை இராது. ஆகவே ‘வலி இல்லை’ என்பதை நற்சான்றாகக் கொள்ளலாகாது. கீழ்க்காணும் மாற்றங்களுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

• முன்கழுத்தில் புதிதாகத் தோன்றிய கட்டி. குறிப்பாக, விழுங்கும்போது மேலேறி இறங்கும் கட்டி.

• பல ஆண்டுகள் ஒரே அளவில் இருந்த கழலை, சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரிதாவது அல்லது கல்போல் கெட்டிப்படுவது.

• சளி, இருமல் இல்லாமலே மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல். குரல் நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டை ஒட்டிச் செல்வதால், கட்டி அதைப் பற்றும்போது குரல் மாறுகிறது.

• கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டி, சில வாரங்களாகியும் கரையாமல் இருப்பது.

• சோறு விழுங்கும்போது தடை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல்.

மூச்சுவிடும்போது இரைச்சல் கேட்டாலோ, முதியவரின் கழுத்துக் கட்டி நாளுக்கு நாள் வளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ‘அனாபிளாஸ்டிக்’ எனப்படும் அரிய, கடுமையான வகை பெரும்பாலும் முதிய வயதில் வருகிறது. நெடுநாள் இருந்த கழலையிலிருந்தும் அது கிளம்பக்கூடும். ‘இருபது வருடமாக இருக்கும் கட்டிதானே’ என்ற எண்ணம் இவ்விடத்தில்தான் ஏமாற்றுகிறது. மூச்சுத் திணறல் மிகுந்தால் 108 ஊர்தியை அழையுங்கள்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளை மேட்டுக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே உள்ள பகுதியைக் கவனியுங்கள். அங்கே புடைப்போ, இரு பக்கங்களுக்கிடையே வேறுபாடோ தெரிகிறதா? வழக்கமாக அணியும் கழுத்துமணி இறுக்கமாகிவிட்டதா? சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லையா? இவையும் தடயங்களே. கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகளும் உண்டு என்பதால், இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது.

மரவள்ளிக் கிழங்கு காரணமா?

மலை மக்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலை நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி விளைகிறது. அக்கிழங்கிலுள்ள ஒரு வேதிப்பொருள், உடலுக்குள் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை ஈர்ப்பதைத் தடுக்கக்கூடும். உணவில் அயோடினும் குறைந்திருந்தால், சுரப்பி ஈடுகொடுக்க முயன்று வீங்கும். அதுவே முன்கழுத்துக் கழலை. இது புற்றுநோய் அன்று. ஆயினும், அயோடின் குறைவான பகுதிகளில் ‘பாலிகுலர்’ வகைத் தைராய்டு புற்றுநோயின் பங்கு கூடுதலாக இருப்பது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி.

கிழங்கைக் கைவிட வேண்டியதில்லை. தோலுரித்து, நறுக்கி ஊறவைத்து, நன்கு வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு உண்ணுங்கள். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். கல் உப்பானாலும் தூள் உப்பானாலும் பையில் அயோடின் குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். ஈரம் படாமல் மூடி வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேருங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும்; கருவுற்ற பெண்ணுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். நம் நாட்டில் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியதும் இந்த எளிய உண்மையின் அடிப்படையில்தான்.

என்னென்ன சோதனைகள்?

இரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருப்பதால் கட்டியைப் பற்றிக் கவலை இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இரத்தப் பரிசோதனை, சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கும்.

கட்டியின் தன்மையை அறிய அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வேண்டும். ஐயம் எழுந்தால், மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். சில நிமிட வேலை. அன்றே ஊர் திரும்பலாம். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. சில வேளைகளில் ஊசிச் சோதனையால் முடிவு கூற இயலாது. அப்போது சுரப்பியின் ஒரு பாதியை அகற்றிச் சோதிக்க நேரிடலாம்.

அப்படியானால் அனைவரும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா? வேண்டாம். தென் கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஸ்கேன் செய்யும் பழக்கம் பரவியபின், 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆனால், அந்நோயால் இறந்தோர் விகிதம் மாறவில்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாத நுண்கட்டிகளுக்காகப் பலர் அறுவைக்கு உள்ளாயினர். எனவே அறிகுறி உள்ளவர்கள் தவறாமல் வாருங்கள். இல்லாதவர்கள் நிம்மதியாக இருங்கள். சிறுவயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் மட்டும் அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் அதைக் கூற வேண்டும். ‘மெடுல்லரி’ வகை, சில குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுண்டு.

புற்றுநோய் என்று உறுதியானால்?

தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை ‘பாப்பிலரி’ வகையைச் சேர்ந்தது. அது மெதுவாக வளர்வது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் இயல்பான வாழ்நாளை வாழ்கின்றனர். 55 வயதுக்கு உட்பட்டவருக்கு இவ்வகைப் புற்று கழுத்து நெறிகளுக்குப் பரவியிருந்தாலும், தொலைவான உறுப்புகளை எட்டாதவரை அது முதல் நிலையாகவே கணக்கிடப்படுகிறது. புற்றுநோய்களில் இத்தகைய சலுகை அரிது.

முதன்மைச் சிகிச்சை அறுவை. சுரப்பியின் பாதியையோ முழுவதையோ அகற்றுவோம். சிலருக்கு அதன்பின் கதிரியக்க அயோடின் மருந்து தேவைப்படும். கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் அது தரப்படுவதில்லை. ‘குரல் போய்விடுமே’ என்று பலர் அஞ்சுகின்றனர். தேர்ந்த கைகளில் நிலையான குரல் பாதிப்பு நூற்றுக்கு ஓரிருவருக்கே நேர்கிறது. அறுவைக்குப் பின் விரல் நுனிகளிலோ உதடுகளிலோ மரமரப்பு தோன்றினால் உடனே தெரிவியுங்கள். அது கால்சியம் குறைந்ததன் அடையாளம்.

முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம் கழித்தே உணவோ தேநீரோ கொள்ளுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

செலவை எண்ணி ஒதுங்க வேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் அணுகலாம். கட்டியின் மேல் சூடு வைப்பதோ, அதை அழுத்திப் பிசைவதோ, பச்சிலை கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பதோ வேண்டாம்.

உடன் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்

தம் கழுத்தைத் தாமே பார்ப்பவர் அரிது. குரல் மாறியதும் அவரவர்க்குத் தெரிவதில்லை. தொலைபேசியில் பேசும் மகளுக்குத்தான் முதலில் தெரிகிறது. எனவே, இதழை வாசிக்கும் நீங்கள் இன்றே உங்கள் அம்மாவின், மனைவியின், பாட்டியின் கழுத்தை ஒருமுறை பாருங்கள். ஐயம் இருந்தால், வலி வரும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். பரிசோதித்து, ‘ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவதே எங்களுக்கும் மகிழ்ச்சி. பெரும்பாலும் அவ்வாறே சொல்கிறோம்.