மூட்டு வலியின் கதை – 6: படத்துக்கு மதிப்பெண் போட்டவர்

1930களின் பிற்பகுதி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சர் தாமஸ் லூயிஸின் ஆய்வுக்கூடம். இதய நோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றிருந்த லூயிஸின் கவனம் அப்போது வலியின் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே முப்பது வயதைத் தொடாத ஒரு மருத்துவர், 6 சதவீத உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றி, நோய் எதுவும் இல்லாதவர்களின் தசைகளிலும் முதுகுத் தண்டின் தசைநார்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக்கொண்டிருந்தார். தன் உடம்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊசி இறங்கிய இடம் எது, வலி தெரிந்த இடம் எது என்று உடல் வரைபடங்களில் குறித்துக்கொண்டே போனார்.

அவர் ஜோனஸ் கெல்கிரன். 1911-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, இங்கிலாந்தில் படித்தவர். சென்ற வாரம் நாம் பார்த்த ஹெபர்டன், விரல் முடிச்சுகளைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கெல்கிரன், கண்ணுக்கே தெரியாத ஒன்றிலிருந்து தன் வேலையைத் தொடங்கினார்.

தோலில் முள் குத்தினால் இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆழத்தில் கிளம்பும் வலி அப்படியல்ல என்பதை அந்த உப்பு ஊசிகள் காட்டின. பிட்டத்துத் தசையில் செலுத்திய கரைசல் காலில் வலித்தது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் தசைநாரில் செலுத்தியபோது சிறுநீரகக் கல் வலியைப் போலவே விலாவிலிருந்து அடிவயிற்றுக்குப் பரவியது. சிறுநீரகத்திலோ எந்தக் குறையும் இல்லை. 1938-லும் 1939-லும் வெளியான இந்தக் கட்டுரைகள் வலி ஆராய்ச்சியில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்கு இன்று சொல்லித் தருகிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான்: நோய் இடுப்பில் இருக்கும், வலி முட்டியில் தெரியும்.

அதே 1939-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, வலிக்கும் மூட்டுகளுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பற்றியது. வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்த கேள்வியை அப்போதே பிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அப்படியானால் அது தேயும்போது வலிப்பது எது?

போர் முடிந்ததும் மான்செஸ்டருக்கு வந்தார். பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த வட்டாரம். 1953-ல் பிரிட்டனின் முதல் வாதநோயியல் பேராசிரியர் பதவி அங்கேதான் உருவானது. அதில் அமர்ந்தவர் கெல்கிரன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை உலகத்துக்குத் தந்த ஜான் சார்ன்லியும் அதே வட்டாரத்தில்தான் வேலை செய்தார். அவர் கதை தனியே வரும்.

மான்செஸ்டரில் கெல்கிரனுக்குக் கிடைத்த துணை, ஜான் லாரன்ஸ். மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருப்பது லாரன்ஸுக்குப் போதவில்லை. வலி தாங்காதவர்கள் மட்டும்தானே மருத்துவமனைக்கு வருகிறார்கள்? வராதவர்களின் மூட்டு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நோயைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. இருவரும் சுரங்கத் தொழிலாளர்களையும், மற்ற உடலுழைப்பாளர்களையும், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் அழைத்து எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். உயரம் குறைந்த சுரங்கப் பாதைகளில் மண்டியிட்டும் குனிந்தும் நிலக்கரி வெட்டியவர்களின் முழங்காலும் இடுப்புப் பகுதி முதுகெலும்பும் மற்றவர்களுடையதைவிடக் கெட்டிருந்தன. அடுத்து லங்காஷயரின் லீ நகரத்துக்குப் போனார்கள். நோயாளி, நோயில்லாதவர் என்று பார்க்காமல் பொதுமக்களிலிருந்து சீரற்ற முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்தார்கள். இதற்கிடையே 1952-ல் கெல்கிரன் மூர் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, விரல் நுனி முடிச்சு, கட்டைவிரல் அடி, முழங்கால், முதுகெலும்பு எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து பாதிக்கப்படுவதைக் காட்டியது. மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களிடம் இது அதிகம். உழைத்துத் தேய்வது மட்டும்தான் காரணம் என்றால், நடந்து தேயாத விரல் மூட்டும் ஏன் கெடுகிறது? உடம்பின் உள்ளமைப்பும் குடும்பவழியும் இந்த நோயில் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு அந்தக் கட்டுரை வலுவான சான்று.

ஆயிரக்கணக்கான எக்ஸ்ரேக்கள் சேர்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஒருவர் பார்த்து ‘லேசான பாதிப்பு’ என்பார், அடுத்தவர் அதையே ‘நடுத்தரம்’ என்பார். ஒரே அளவுகோல் இல்லாமல் ஊருக்கு ஊர் எப்படி ஒப்பிடுவது? 1957-ல் கெல்கிரனும் லாரன்ஸும் வெளியிட்ட விடைதான் இன்று உலகெங்கும் எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளில் ‘கே.எல். கிரேடு’ என்று வருகிறது. மாற்றமே இல்லை என்றால் 0. சந்தேகத்துக்கு இடமானால் 1. மூட்டின் ஓரத்தில் எலும்பு முளை தெளிவாகத் தெரிந்தால் 2. இரு எலும்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளியும் குறைந்திருந்தால் 3. இடைவெளி பெருமளவு மறைந்து, எலும்பின் வடிவமே மாறியிருந்தால் 4. 1961-ல் ரோமில் நடந்த கூட்டத்தில் இந்த அளவுகோல் ஏற்கப்பட்டது. 1963-ல் மாதிரிப் படங்களின் தொகுப்பும் புத்தகமாக வந்தது.

அந்த முதல் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. 55 முதல் 64 வயதுக்காரர்களின் படங்களை இருவரும் தனித்தனியே படித்து, தங்கள் தீர்ப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் எண்களாக வெளியிட்டார்கள். முழங்காலில் நன்றாகவே ஒத்துப்போனது. வேறு சில மூட்டுகளில் ஒற்றுமை மிகக் குறைவு. அதை மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்களிடம் அந்தக் கவனம் இல்லை. ஒரே அளவுகோலை ஆய்வாளர்கள் ஐந்து விதமான விளக்கங்களோடு பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த அளவுகோலால் விளைந்த நன்மை பெரிது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரத்து மக்களைத் தொடர்ந்து கவனித்த டேவிட் ஃபெல்சன் குழு, சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததை 1992-ல் காட்டியது. தேய்மானத்தை அளக்க அவர்கள் கையில் இருந்தது இந்த மதிப்பெண்தான். இந்தியாவில் ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே பகுதிகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு, 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கணக்கிட்டதும் இதைக் கொண்டுதான்.

ஆனால் இது மக்கள் கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல். தனி மனிதரின் வலியை அளக்க வந்ததல்ல. படமும் வலியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பெட்சன், கிராஃப்ட் இருவரும் 2008-ல் தந்த எண்களைக் கவனியுங்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்களில் வலி இருந்தவர்கள், ஆய்வுக்கு ஆய்வு 15 முதல் 81 சதவீதம். முழங்கால் வலி இருந்தவர்களில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்கள் 15 முதல் 76 சதவீதம். கிரேடு ஏற ஏற வலிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. குறிப்பிட்ட ஒருவருக்கு வலிக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. எம்.ஆர்.ஐ. வந்தால் தீரும் என்று நம்பியவர்களுக்கும் ஏமாற்றம்தான். எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லாத, 50 வயது தாண்டிய 710 பேரை ஃப்ராமிங்ஹாமில் ஸ்கேன் செய்தபோது, 89 சதவீதம் பேரின் முழங்காலில் ஏதாவது ஒரு குறை தெரிந்தது. வலி இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் இதில் அடக்கம்.

மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சி, குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பின் பாதிப்பு, தளர்ந்த தொடைத் தசை, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வலிக்குப் பல வேர்களை இன்று சொல்கிறார்கள். இவற்றில் எதுவும் அந்த ஐந்து எண்களுக்குள் அடங்காது. வலியைப் படிக்கத் தன் உடம்பிலேயே ஊசி குத்திக்கொண்டவரின் பெயர், வலியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதப் பயன்படுவது எனக்குப் பெரிய வருத்தம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “கிரேடு 3, உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லும்போது கெல்கிரனின் பாதிப் படிப்பை மறந்துவிடுகிறோம்.

கெல்கிரன் 2002-ல் காலமானார். மான்செஸ்டரின் வாதநோய் சிகிச்சை மையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

நடக்க முடியாமல், இரவில் தூங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெரிய வரம். அதை யாரும் ஒதுக்க வேண்டாம். அந்த முடிவை உங்கள் வலியும் நடமாட்டமும் எடுக்கட்டும், ரிப்போர்ட்டில் உள்ள எண் மட்டும் எடுக்க வேண்டாம். மருத்துவரிடம் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறதா என்பதைச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டையும் பரிசோதித்தாரா என்று கேளுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு, சில மாதங்களாவது விடாமல் செய்யுங்கள்.

(தொடரும்)