முட்டைக்குள் புகும் நஞ்சு

1960ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்துபோயின. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆகவே இதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். அல்ஜீப்ராவில் தெரியாத எண்ணை எக்ஸ் என்று வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதைப் போல!

கடைசியில் குற்றவாளி தீவனத்தில் அகப்பட்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூஞ்சை வளர்ந்து நச்சுப்பொருளை உண்டாக்கியிருந்தது. பூஞ்சையின் பெயரைச் சுருக்கி அந்த நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தனர். புறஊதாக் கதிர் பட்டால் இதில் ஒரு வகை நீலமாகவும் மற்றொரு வகை பச்சையாகவும் ஒளிர்கிறது. ப்ளூ என்பதால் 'பி', கிரீன் என்பதால் 'ஜி'. இயற்பியல் ஆசிரியனான எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தாய்க்கோழி உண்ணும் நஞ்சில் மிகச் சிறு பகுதியே முட்டைக்குப் போகிறது. ஆனால் உள்ளே இருப்பது கரு. 21 நாட்களுக்குள் ஒரு குஞ்சு உருவாகவேண்டும். செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. கல்லீரலிலுள்ள நொதிகள் 'பி1' வகை நஞ்சை மாற்றும்போது, அது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் பொருளாகிவிடுகிறது. செல்லின் மரபுச் செய்தியே கெடுகிறது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான நஞ்சைச் செலுத்தினாலே கரு இறந்துவிடக்கூடும். (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.) அதனால் நஞ்சைச் சோதித்தறியும் கருவியாகவே விஞ்ஞானிகள் முட்டையைப் பயன்படுத்தினார்கள்!

சாகாமல் பொரிந்த குஞ்சு தப்பித்துவிட்டதா? அங்கேதான் சிக்கல். கோழியின் பின்புறக் கழிவாய்க்கு மேலே ஒரு சிறு பை உண்டு. இத்தாலியில் பாதுவா நகரப் பேராசிரியர் ஃபெப்ரீசியஸ் அதை விவரித்த நூல், அவர் இறந்தபின் 1621இல் வெளிவந்தது. அந்தப் பை எதற்கு என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் புரியவில்லை. 1956இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக்கும் அவருடன் உழைத்தவர்களும், குஞ்சுப் பருவத்தில் இப்பையை அகற்றிய கோழிகளில் எதிர்ப்பொருள் சரிவர உண்டாவதில்லை என்று வெளியிட்டனர். 'பர்ஸா' என்னும் அப்பையின் முதலெழுத்தே நம் உடலிலும் உள்ள 'பி' செல்களுக்குப் பெயராயிற்று. நமக்கு அந்தப் பை இல்லை. எலும்பு மஜ்ஜை அவ்வேலையைச் செய்கிறது.

கரு முட்டைக்குள் இருக்கும்போதே இந்தப் பை உருவாகிவிடுகிறது. அஃப்ளாடாக்சின் அதைச் சுருங்கச் செய்கிறது. நஞ்சு கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குஞ்சுகளுக்கு எதிர்ப்புத்திறன் குறைந்திருந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. பார்வைக்குக் குஞ்சு துறுதுறுவென்று ஓடும். ஆனால் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகாமல் போகலாம். பண்ணைக்காரர் மருந்தின்மேல் பழி போடுவார்!

தீவனத்தை வேகவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பூஞ்சை செத்துவிடும், நஞ்சு சாகாது. பி1 உருகுவதற்கே சுமார் 268 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆகவே பூஞ்சை வளருமுன் தடுப்பதே வழி. மக்காச்சோளத்தை ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காயவைத்து, தரை ஈரம் ஏறாதபடி பலகைமேல் மூட்டைகளை அடுக்கவேண்டும்.