காங்லா வாயிலில் இடம் மாறிய அவமானம்

2004 ஜூலை 10 இரவில், இம்பால் அருகே தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை வீடு புகுந்து பிடித்துச் சென்றார்கள் அசாம் ரைபிள்ஸ் படையினர். கைதுச் சீட்டையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் குண்டு துளைத்த உடல்தான் கிடைத்தது. பாலியல் வன்கொடுமைக்குப் பிறகே கொல்லப்பட்டார் என்று மணிப்பூர் கொதித்தது. ஜூலை 15 அன்று, அந்தப் படை முகாமிட்டிருந்த காங்லா கோட்டையின் வாயிலில் 12 பெண்கள் ஆடை களைந்து நின்றார்கள். ‘இந்திய ராணுவமே, எங்களையும் வன்புணர்வு செய்’ என்றது அவர்கள் பிடித்திருந்த வெள்ளைத் துணி. இரவில் தீப்பந்தம் ஏந்தித் தெருக்களைக் காவல் காக்கும் ‘மைரா பைபி’ இயக்கத்துத் தாய்மார்கள் அவர்கள். பேரப்பிள்ளை கண்டவர்களும் உண்டு.

பெண்ணுடலைக் காட்சிப் பொருளாக்குவதை எதிர்ப்பவர்கள் அதே உடலைக் காட்டிப் போராடலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2008இல் உக்ரைனில் தொடங்கிய ஃபெமன் அமைப்பினர் திறந்த மார்பில் முழக்கங்களை எழுதிக்கொண்டு வந்தபோது, கேமராக்கள் முழக்கத்தைவிட உடலையே தேடின. ஒல்லியான இளம்பெண்களையே முன்னிறுத்துகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது, அது நியாயமானதே. ஆனால் காங்லாவுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே ரசிப்பதற்கு எதுவும் வைக்கப்படவில்லை. வன்கொடுமை செய்தவர் தலைநிமிர்ந்து நடக்க, பாதிக்கப்பட்டவளும் அவள் குடும்பமும் தலைகுனியும் வழக்கத்தின் மீதுதான் படைகளின் அச்சுறுத்தல் நிற்கிறது. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று அந்தத் தாய்மார்கள் சொன்ன கணத்தில், கூச வேண்டியவர்கள் வாயிலுக்கு உள்ளே இருந்தார்கள். உடலைத் திறப்பதில் மட்டும் பலம் இல்லை. யார், எந்த வாசலில், எந்தக் குற்றத்தின் பெயரால் நிற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அதனால் என்ன மாறியது என்று கேட்பவர்களும் உண்டு. படையினருக்குத் தனி அதிகாரமும் வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் தரும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அடுத்த மாதமே இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டது. நவம்பரில் காங்லா மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மத்திய அரசு அமைத்த ஜீவன் ரெட்டி குழு, அந்தச் சட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி 2005இல் அறிக்கை தந்தது. ஒரு போராட்டத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். மிச்சம் அரசும் நீதிமன்றமும் செய்திருக்க வேண்டிய வேலை. உச்ச நீதிமன்றம் 2014இல் மனோரமா குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1958ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும் ரத்தாகவில்லை.