செங்கமாரியும் கழுத்துச் சுரப்பியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் வயலும், கிழக்கே எழுவான்கரையில் கடலும் மக்களுக்குச் சோறிடுகின்றன. இவ்விரு கரைகளிலும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அதனைச் செங்கமாரி என்பர். கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுப்பர். நோயாளி மாரிகாலத்துச் சேற்றில் இறங்கியவராயின், எலிக்காய்ச்சலோ என்று மருத்துவர் ஐயுறுவார். அவ்வையம் தக்கதே. ஆயினும், ஈரலைத் தாக்கும் நோய்கள் யாவும் ஈரலிலேயே தோன்றுவன அல்ல. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைரொயிட் சுரப்பியும் சிற்சில வேளைகளில் அதற்குக் காரணமாகின்றது.

கழுத்துக் கழலை இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தாருக்கே உரியது, கடலோரத்தாருக்கு அது வாராது என்று எண்ணுவோர் உளர். அயடீன் குறைவால் எழும் கழலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் சுரப்பி அளவுமீறிச் சுரக்கும் நோயோ வேறு. உடலின் எதிர்ப்பாற்றலே வழிதவறிச் சுரப்பியைத் தூண்டிவிடுவதால் பெரும்பாலும் அது உண்டாகின்றது. அதற்கு மலையும் ஒன்றே, கடலும் ஒன்றே.

தைரொயிட் ஓமோன் மிகுந்தால் உடலின் ஒவ்வோர் உறுப்பும் வழக்கத்தினும் விரைந்து உழைக்கும். பசி பெருகும், உடலோ மெலியும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்வை வழியும். இந்நிலையில் ஈரலுக்கு நேர்வதை உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மேலுள்ள வயல்கள் கூடுதலாக நீர் குடித்தால், வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்துபோகும் அன்றோ! ஈரலின் நுண்கூறுகளிலும் இரத்தம் ஓரத்திற் புகுந்து நடுவை நோக்கிச் செல்கின்றது. ஓரத்துக் கலங்களே ஒட்சிசனை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ள, நடுக்கலங்கள் வாடுகின்றன. இதயமும் தளர்ந்துவிட்டால் இரத்தம் பின்தங்கி, ஈரல் வீங்கும். பித்தநீர் செவ்வனே வடியாது தேங்கினால் கண் மஞ்சளிக்கும், தோல் அரிக்கும்.

பெரும்பாலோரிடம் இம்மாற்றம் இரத்தப் பரிசோதனையில் மட்டுமே புலப்படும். கண் மஞ்சளிக்கும் அளவுக்கு முற்றுவது அரிது, முற்றினாலோ ஆபத்து. சுரப்பி நோய் கொந்தளித்து உயிருக்கு இறுதி தேடும் நிலையைக் கணிக்க, பர்ச், வார்டொவ்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1993 இல் ஓர் அட்டவணை வகுத்தனர். காய்ச்சல், நாடித்துடிப்பு, மனக்குழப்பம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இட்டு, 45 ஐ எட்டினால் கொந்தளிப்பு எனக் கொள்ளலாம் என்றனர். அதில் காரணம் புலப்படாத செங்கமாரி ஒன்றுக்கே 20 புள்ளிகள்!

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சுரப்பியை அடக்கும் குளிசைகளும் அருமையாக ஈரலைக் கெடுக்கலாம். கார்பிமசோல் பித்தத் தேக்கத்தை உண்டாக்கக்கூடும். புரோப்பைல்தயோயுராசில் என்பது ஈரலையே அழித்துவிடக்கூடும் என்று 2010 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் கடுமையாக எச்சரித்தது. ஆதலின் குளிசை தொடங்குமுன்பே ஈரற் பரிசோதனை செய்துகொள்வது நன்று. பின்னர் கண் மஞ்சளித்தால் நோயா, மருந்தா காரணம் என்று பிரித்தறிய அம்முதற் கணக்கு உதவும். அப்படி மஞ்சளித்தவர் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குளிசையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை அங்கே தீர்மானிப்பர். குளிசை ஒவ்வாதாருக்குக் கதிரியக்க அயடீனும் சத்திரசிகிச்சையும் உண்டு. சுரப்பி அடங்கியபின், நோயால் வாடிய ஈரல் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகின்றது.