கரைந்து இடந்தரும் காரை

எலும்பு ஓயாது தன்னை அழித்தும் ஆக்கியும் புதுப்பித்துக்கொள்ளும் ஓர் உயிர்த்திசு. எலும்பழிக்கும் செல்கள் பழைய பகுதியை அரித்தெடுக்க, எலும்பாக்கும் செல்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை இடுகின்றன. வளர்ந்த மனிதரின் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காட்டு எலும்பு இவ்வாறு மாற்றப்படுகிறது. முதுமையில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடம், அழிவு விஞ்சி ஆக்கம் பின்தங்குகிறது. எலும்பின் புறஓடு மெலிகிறது. உள்ளே கடற்பஞ்சு போன்றிருக்கும் பகுதியின் இடைவெளிகள் அகலுகின்றன. இந்நிலையையே எலும்புப்புரை என்பர்.

புரையோடிய எலும்பில் திருகு நிற்பது அரிது. தோள்மூட்டை எடுத்துக்கொள்வோம். கையை உயர்த்தவும் சுழற்றவும் உதவும் நான்கு தசைகளின் நாண்கள் மேற்கை எலும்பின் தலைப்பகுதியைப் பற்றியுள்ளன. முதுமையில் அவை கிழியுமாயின், தலைவாருவதும் பரணிலுள்ள ஒரு பாத்திரத்தை எடுப்பதும்கூடப் பெருந்துன்பமாகிவிடும். கிழிந்த நாணை எலும்போடு மீண்டும் இணைக்க, நூல் கோத்த சிறு திருகு ஒன்றை மருத்துவர் எலும்பினுள் செலுத்துவார். இதற்கு நங்கூரம் என்று பெயர். நாண் எலும்போடு கூடி வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை இழுவிசையைத் தாங்குவது இந்நங்கூரமே. நூலும் அறாமல் நாணும் கிழியாமல், நங்கூரம் மட்டும் எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறிவிட்டால் அறுவை மருத்துவம் வீணாகும். மறுமுறை திருகு செலுத்துதற்குரிய நல்ல எலும்பும் அவ்விடத்தில் குறைந்துபோகும்.

பொரிந்த சுவரில் ஆணி நில்லாதபோது கொத்தனார் என்ன செய்கிறார்? துளையில் கலவையை இட்டு, அது இறுகுமுன் ஆணியைப் பதிக்கிறார். மருத்துவர் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே. துளையில் இட்ட எலும்புச் சிமெண்ட், சுற்றியுள்ள இடைவெளிகளுள் ஊடுருவி இறுகுகிறது. திருகின் புரிகள் மட்டும் தாங்கிய விசை, அகன்ற பரப்பில் பகிரப்படுகிறது.

இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி, 1958 முதல் செயற்கை இடுப்புமூட்டைப் பதிக்க அக்ரிலிக் சிமெண்ட்டைப் பயன்படுத்தினார். அதனை ஒட்டும் பசையாக அவர் கருதவில்லை. இடைவெளியை நிரப்பும் காரையாகவே கருதினார். அதன் வலிமை பெரிது. எனினும் இறுகும்போது அது வெளியிடும் வெப்பம், ஆய்வகச் சோதனைகளில் 70 டிகிரி செல்சியசையும் கடப்பதுண்டு. மேலும், அது உடலில் என்றும் கரையாது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, அதன் நடுவே மாறாத ஒரு கட்டி நிலைத்துவிடுகிறது. பின்னாளில் மற்றோர் அறுவை தேவைப்படின் அதனை அகற்றுதல் கடினம்.

கரையும் பொருளை எலும்பில் இடும் எண்ணம் புதிதன்று. 1892இல் திரீஸ்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பினார். கால்சியம் சல்பேட்டாகிய அச்சாந்து சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். 1980களில் பிரவுன், சௌ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட்டைக் கண்டறிந்தனர். பற்களைச் சீராக்கும் வழியைத் தேடியவர்களுக்கு எலும்பு மருத்துவத்திற்கும் உதவும் பொருள் வாய்த்தது வியப்பே! இருவகைக் கால்சியம் பாஸ்பேட் தூளை நீர்மத்துடன் குழைத்தால், அவை கரைந்து, ஹைட்ராக்சிஅபடைட் எனும் நுண்படிகங்களாக மீண்டும் படிந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. எலும்பின் கனிமமும் இவ்வகையைச் சார்ந்ததே. இவ்வினை உடல் வெப்பநிலையிலேயே நிகழ்வதால் திசு வெந்துபோவதில்லை. எலும்பழிக்கும் செல்கள் இதனையும் சிறிதுசிறிதாக அரிக்கின்றன. அவ்விடத்தில் புதிய எலும்பு வளர்கிறது.

ஆயினும் இச்சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும் அளவிற்கு இழுவிசையையும் வளைவையும் தாங்காது, நொறுங்கும் இயல்புடையது. இறுகுமுன் குருதி கலந்தால் அதன் வலிமை குன்றும். இவற்றினும் பெரிய சிக்கல் காலப்பொருத்தமாகும். புதிய எலும்பு வளருமுன் சிமெண்ட் கரைந்துவிட்டால் நங்கூரம் தளரும். மிக மெதுவாகக் கரையின் எலும்பு வளர்வதற்கு இடம் கிடைக்காது. விரைந்து கரையும் சல்பேட்டையும் மெல்லக் கரையும் பாஸ்பேட்டையும் சேர்த்துக் குழைக்கும் கலவைகள் இதன்பொருட்டே உருவாக்கப்பட்டன.

அறுவைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில், நங்கூரத்தைச் சூழ்ந்த சிமெண்ட் அடர்ந்த வெண்திட்டாகத் தெரியும். அடுத்தடுத்த படங்களில் அதன் விளிம்பு மங்கி உள்வாங்குகிறதா, அவ்விடத்தில் எலும்பின் மெல்லிய கோடுகள் தோன்றுகின்றனவா என்று மருத்துவர் ஒப்பிட்டு நோக்குவார்.