மறுபடியும் யூனிஃபார்ம்... முன்னாள் ராணுவ வீரர்கள் கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு!

பச்சைமலை அடிவாரத்தில், துறையூர் தாலுகாவில் இருக்கிறது உப்பிலியபுரம். தமிழகத்தின் பல ஊர்களைப் போலவே இங்கேயும் வழி கேட்டால் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால், அந்த மிலிட்டரிக்காரர் தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 19 வயதில் சிப்பாயாகச் சேர்ந்து 17 ஆண்டு முடித்தவருக்கு, ஊர் திரும்பும்போது வயது 36தான். பென்ஷன் வரும். ஆனால், பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். வீடு கட்டிய கடன் பாதியில் நிற்கும்.

‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்குப் பலர் யோசிக்கும் ஒரு பதில், மறுபடியும் ராணுவத்துக்கே போவது. அதற்கு வழி இருக்கிறது. ஆனால், பலரும் நினைப்பதுபோல விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

எங்கே சேரலாம்?

ஓய்வுபெற்ற வீரர்களை மீண்டும் எடுத்துக்கொள்ளும் முக்கியமான பிரிவு, டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படை. 1947 பிப்ரவரி 25-ல் வேறு பெயரில் தொடங்கப்பட்டு, 1958-ல் இந்தப் பெயரைப் பெற்றது. இதன் மையம் கேரளாவின் கண்ணூரில் இருக்கிறது. ஆயுதக் கிடங்குகள், படைக்கலத் தொழிற்சாலைகள், முப்படைகளின் தளங்கள் போன்ற இடங்களைக் காவல் காப்பதுதான் இந்தப் படையின் பணி.

திருச்சியிலேயே 117-வது டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியன் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது வேறு. வேறொரு தொழிலோ வருமானமோ உள்ளவர்கள் பகுதி நேரமாகச் சேவை செய்யும் படை அது. முழுநேர வேலை தேடுபவர் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

பழைய வேலை கிடைக்குமா?

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். டி.எஸ்.சி.யில் சேருபவருக்கு இரண்டே பிரிவுகள்தான்: ஜி.டி. எனப்படும் பொதுப்பணிச் சிப்பாய் அல்லது கிளார்க். 20 வருடம் டாங்கி ஓட்டியவராக இருந்தாலும், ரேடியோ மெக்கானிக்காக இருந்தாலும், ஜி.டி.யில் சேர்ந்தால் கையில் துப்பாக்கியோடு காவல் டியூட்டிதான். ஹவில்தாராக ஓய்வுபெற்றவரும் சிப்பாயாகத்தான் தொடங்க வேண்டும். தன்னைவிட வயதில் சிறியவர் கார்டு கமாண்டராக நின்று டியூட்டி போடும் நாளும் வரலாம். அதை மனசு ஏற்குமா என்று முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது.

2, 10, 15, 57

இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.டி. பிரிவுக்கு, ஓய்வுபெற்ற 2 ஆண்டுக்குள் சேர்ந்துவிட வேண்டும். கிளார்க் பிரிவுக்கு 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ‘கொஞ்ச நாள் ஊரில் ரெஸ்ட் எடுத்துவிட்டுப் பார்க்கலாம்’ என்று இருந்தால் கதவு மூடிவிடும். உடல் தகுதி ‘ஷேப்-1’ ஆக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை பற்றிய குறிப்பும் நன்றாக இருக்க வேண்டும்.

முதல் ஒப்பந்தம் 10 ஆண்டு. அதன் பிறகு, உடல்நிலையையும் நடத்தையையும் பார்த்து நீட்டிப்பு தருவார்கள். ஓய்வு வயது 57. இரண்டாவது பென்ஷன் வேண்டுமென்றால் டி.எஸ்.சி.யில் 15 ஆண்டு முடித்திருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 38 வயதில் சேருபவர், நீட்டிப்பு கிடைத்தால் 53 வயதில் 15 ஆண்டை முடித்துவிடுவார். 46 வயதில் சேருபவருக்கோ 57 வரை 11 ஆண்டுதான் கிடைக்கும். 42 வயதைத் தாண்டிச் சேருபவருக்கு இரண்டாவது பென்ஷன் சந்தேகம்தான். சில மாதங்கள் குறைந்ததால் பென்ஷன் மறுக்கப்பட்டு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

எழுதிக் கொடுக்கும் முன்...

சேரும்போது ஒரு விருப்பத்தை எழுத்தில் கேட்பார்கள். பழைய பென்ஷனை வாங்கிக்கொண்டே, புதிய சேவையைத் தனியாகக் கணக்கிடச் சொல்லலாம். அல்லது, பழைய பென்ஷனை நிறுத்திவிட்டு, வாங்கிய கிராஜுவிட்டியைத் திருப்பிக் கட்டி, இரண்டு சேவையையும் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடச் சொல்லலாம். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. எனவே, வயதையும் மிச்சமிருக்கும் ஆண்டுகளையும் வைத்து முடிவு எடுங்கள். பக்கத்து பெட் நண்பர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள்.

ஊரிலேயே இருந்தால்?

மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. வங்கித் தேர்வுகளிலும் ஒதுக்கீடு இருக்கிறது. 1986-ல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம், முன்னாள் வீரர்களைக் காவல் பணிகளில் அமர்த்துகிறது. சம்பளம் ராணுவ அளவுக்கு வராது. ஆனால், இரவு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.

அந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. 17 வருடம் பால் கணக்கு முதல் பிள்ளைகளின் காய்ச்சல் வரை தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் மனைவி. மறுபடியும் 15 வருடம் என்றால், அந்தப் பாரத்தைத் தூக்கப்போவதும் அவர்தான். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துக்கு இடமில்லை. ஆனாலும் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சீக்கிரமே வரும். 4 ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி உண்டு, பென்ஷன் இல்லை. அவர்கள் இருபதுகளின் தொடக்கத்திலேயே அடுத்த வேலையைத் தேட வேண்டும்.

விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. எனவே, ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போதே உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. நகலோடு திருச்சியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். துறையூர் வழியாக பஸ்ஸில் போய்வர ஒருநாள் ஆகும். அடுத்த 15 வருடத்துக்கான முடிவுக்கு ஒருநாள் செலவழிப்பதில் தப்பே இல்லை.